மணலில் சிக்கிய வண்டியும் நான் போட்ட கையெழுத்தும்

1

கடற்கரை மணலில் ஓட்டிய வண்டியை அன்றைக்கே அடிப்பாகம் வரை தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்பு இரும்பைத் தின்றுவிடும். என் வண்டி இரண்டு வாரமாகக் கழுவாமல் வீட்டு முன்னால் நிற்கிறது. பின்கண்ணாடி இருந்த இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறேன். காலையில் குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அதைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. பார்த்ததும் அருவருப்பாக இருக்கிறது. வண்டி மேல் தப்பில்லை. அருவருப்பு என்னை நினைத்து.

நான் ஓசூர்க்காரன். டிப்ளமோ முடித்து, அங்கே தொழிற்பேட்டையில் கார் பாகங்கள் அடிக்கிற ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் பிரிவில் இருந்தேன். இப்போது ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில், ரொட்டி தயாரிக்கும் ஆலையில் அதே வேலை. மனைவி ரேவதி முதியோர் இல்லத்தில் நர்ஸ். மகள் யாழினிக்குப் பதினான்கு வயது. நாங்கள் இங்கே வந்து இறங்கிப் பன்னிரண்டு வருடம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டாடப் போய்த்தான் இது நடந்தது.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இங்கிருந்து எழுதுகிறவர்கள் வழக்கமாகப் படம் அனுப்புவார்கள். நீலக் கடல், வெள்ளை மணல், புது வண்டி. நானும் அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை படம் இல்லை.

2

வண்டி வாங்கியது யாழினியால். அவளோடு படிக்கும் பிள்ளைகளின் அப்பாக்கள் வண்டியைக் கடலோரம் வரை ஓட்டிப் போய் மீன் பிடிக்கிறார்கள். "நீங்க மட்டும் பார்க்கிங்ல நின்னு கடலைப் பார்க்கறீங்கப்பா" என்றாள். அவளுக்கு என்மேல் இருக்கும் ஏமாற்றங்களில் இது ஒன்றைத்தான் தீர்க்க முடியும் போலிருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கிற, உள்ளே பின் சீட்டும் உள்ள பழைய பிக்கப் ஒன்றை வாங்கினேன். ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றிப் போகிற வண்டி மாதிரியே இருக்கும். இங்கே அதில் ஏற்றுவது தூண்டிலும் மடக்கு நாற்காலியும்.

மணலில் ஓட்ட எனக்குத் தெரியாது. அதனால் ஒரு நாள் வகுப்பில் சேர்ந்தேன். யாழினியும் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு வந்தாள். வகுப்பு எடுத்தவர் ஹெலன் என்ற பெண்மணி. ஐம்பது வயதிருக்கும், முன்பு சுரங்கத்தில் லாரி ஓட்டியவர். முதல் வேலையாக நான்கு டயரிலும் காற்றை இறக்கச் சொன்னார். முப்பத்தெட்டு இருந்ததைப் பதினெட்டுக்குக் கொண்டு வந்தோம். எனக்கு மனசே வரவில்லை. காற்று குறைந்தால் பஞ்சர் கடைக்கு ஓடிப் பழகியவன் நான். ஆனால் காற்று இறங்கியதும் டயர் நீளவாக்கில் பரந்து படுத்தது. ஒட்டகத்தின் பாதம் மாதிரி மணல் மேல் மிதந்து போனது. இறக்காமல் போனால் தோண்டிக்கொண்டு உள்ளே இறங்கும்.

மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான். முன்னால் போன வண்டியின் தடத்திலேயே போக வேண்டும். வேகத்தைச் சீராக வைக்க வேண்டும். சட்டென்று திருப்பக் கூடாது. பிரேக்கை அழுத்தினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்துவிடும். காலை எடுத்துவிட்டுத் தானாக நிற்க விட வேண்டும். நிறுத்துவதாக இருந்தால் இறக்கத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும். தண்ணீர் ஓரத்து ஈர மணல் கெட்டியாகத் தெரியும், நம்பக் கூடாது. சிக்கிக்கொண்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இறங்கி, மண்வெட்டியை எடுத்து, இன்னும் கொஞ்சம் காற்றை இறக்க வேண்டும்.

ஹெலன் ஒரு பட்டையைக் கையில் கொடுத்து "ஸ்னாட்ச் ஸ்ட்ராப்" என்றார். எங்கள் ஊரில் ஸ்னாட்ச் என்றால் சங்கிலி பறிப்பு. "பறித்த பொருளா இது?" என்று நான் இங்கிலீஷில் கேட்டுத் தொலைத்தேன். வகுப்பே சிரித்தது. யாழினி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிக்கிய வண்டியை இன்னொரு வண்டியால் வெடுக்கென்று இழுக்கிற, ரப்பர் போல நீளும் பட்டை அது.

அதைக் காட்டியபோது ஹெலனின் குரல் மாறியது. வண்டிக்குப் பின்னால் ட்ரெய்லர் மாட்டுகிற இரும்புக் குண்டைத் தொட்டுக் காட்டினார். டோ பால் என்பார்கள். "இது ட்ரெய்லரைப் பிடித்துக்கொள்ளச் செய்தது. புதைந்த வண்டியைப் பிடுங்கச் செய்ததில்லை. பட்டையை ஒருநாளும் இதில் மாட்டாதீர்கள். உடைந்தால் பீரங்கிக் குண்டு மாதிரி வரும். ஆட்கள் செத்திருக்கிறார்கள்." சேஸிஸோடு போல்ட் போட்ட கொக்கியில்தான் மாட்ட வேண்டும், சுற்றி யாரும் நிற்கக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். எங்களையும் திருப்பிச் சொல்ல வைத்தார். நானும் சொன்னேன்.

3

ரகு அண்ணன் கிருஷ்ணகிரிக்காரர். எனக்கு முன்னால் பத்து வருடம் இங்கே வந்தவர். நாங்கள் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப் போய், இரண்டு மாதம் தன் வீட்டுப் பின்னறையில் வைத்துக்கொண்டார். பஸ் ஏறக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அதிலிருந்து அவர் சொன்னதற்கு நான் மறுபேச்சு பேசியதில்லை. பொங்கல் விழாவில் நாற்காலி போடச் சொன்னாலும் சரி, நான் சமைத்த பிரியாணியை எல்லார் முன்னாலும் நக்கல் அடித்தாலும் சரி, "ஆமாண்ணே" என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு வாய் கசக்கிறது.

அந்த ஞாயிறு பெர்த்துக்கு வடக்கே ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஒரு கடற்கரைக்குப் போனோம். ரேவதிக்கு டியூட்டி. நானும் யாழினியும் ஒரு வண்டி, ரகு அண்ணனும் அவர் மனைவி சாந்தி அக்காவும் இன்னொரு வண்டி. மணல் தொடங்கும் இடத்தில் நான் இறங்கிக் காற்றை இறக்க உட்கார்ந்தேன். அண்ணன் கண்ணாடியை இறக்கிச் சிரித்தார்.

"ஏன்டா, மணல்ல ஓட்டறதுக்கு கிளாஸ் போயிட்டு வந்தியாமே? தென்பெண்ணை ஆத்து மணல்ல டிராக்டர் ஓட்டனவன்டா நானு. காத்தை இறக்கிட்டு மறுபடி எவன் அடிச்சுக்கினு இருப்பான்? வா பின்னாடி."

பெரிய வண்டி, பெரிய எஞ்சின். அரை கிலோமீட்டர் உறுமிக்கொண்டு போனார். பிறகு அலையோரத்துக் கெட்டி மணலில் போகலாம் என்று இறங்கியவர், யாரோ கை காட்டினார்கள் என்று பிரேக் அடித்தார். வண்டி நின்றது. மறுபடி மிதித்தார். பின் சக்கரங்கள் அச்சு வரை உள்ளே போய்விட்டன. கடல் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அலையும் முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்து திரும்பியது.

"அண்ணே, காத்தை இறக்கிட்டு, பின்னாடி கொஞ்சம் தோண்டினா வந்துடும். சக்கரத்துக்கு அடியில வைக்கிற பலகை வச்சிருக்கேன்" என்றேன்.

"தோண்டி முடிக்கறதுக்குள்ள கடல் உள்ள வந்துடும். உன் பட்டையை எடு. டோ பால்ல மாட்டு. ஒரு இழு, வந்துடும்."

"அண்ணே, அதுல மாட்டக் கூடாதுன்னு..."

"டேய், நீ எனக்குச் சொல்றியா? மாட்டுடா."

அவர் வண்டியின் அடியில் கொக்கி இருந்தது. மணலுக்குள் இருந்தது. ஐந்து நிமிடம் தோண்டியிருந்தால் கைக்குக் கிடைத்திருக்கும். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே என் வண்டியின் பின்பக்கத்தை அவர் வண்டியின் பின்பக்கத்துக்கு நேராக நிறுத்தி, பட்டையின் ஒரு முனையை என் வண்டிக் கொக்கியில் மாட்டிவிட்டு, மண்டியிட்டு மறுமுனை வளையத்தை அவர் வண்டியின் இரும்புக் குண்டில் மாட்டினேன். இந்தக் கைதான் மாட்டியது.

யாழினி பின் சீட்டில் இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஏறி உட்கார்ந்ததும், "அப்பா, ஹெலன் சொன்னாங்க இல்ல? நீங்களும் சொன்னீங்க. மூணு தடவை" என்றாள்.

"சும்மா இரு. அண்ணனுக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். நீங்க பயப்படறீங்க."

"வாயை மூடு" என்றேன்.

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். ஓங்கிச் சாத்தினாள். திரும்பிப் பார்க்காமல் மணல் மேட்டைப் பார்த்து நடந்தாள். சாந்தி அக்கா மேட்டின் மேல் நின்று கூப்பிட்டார், அவரிடம் போய் நின்றாள். போகிறாள் போ என்று நான் கியரைப் போட்டேன்.

முதல் இழுப்பில் அசையவில்லை. "இன்னும் வேகமா வாடா" என்று ஜன்னலில் கையை நீட்டிக் கத்தினார். பின்னால் வந்து, பட்டையைத் தளர்த்தி, இரண்டாம் தடவை மிதித்தேன். பட்டை இறுகியது, நீண்டது. பிறகு தலைக்குப் பின்னால் வெடி வெடித்தது போல ஒரு சத்தம். முதுகெல்லாம் கண்ணாடித் தூள். வண்டி தானாக ஓடி நின்றது.

திரும்பிப் பார்த்தேன். பின்கண்ணாடி இல்லை. பின் சீட்டின் இடது பக்கம் தலை சாய்க்கும் திண்டு இருக்குமே, அது பிய்ந்து தொங்கியது. அதைக் கிழித்துக்கொண்டு வந்த இரும்புக் குண்டு, எனக்குப் பக்கத்து சீட்டின் முதுகில் பாதி புதைந்து நின்றது. உடைந்த தண்டு பளபளவென்று இருந்தது. தொட்டேன். சுட்டது.

இடது பக்கம் யாழினியின் இடம். எப்போதும் அங்கேதான் உட்காருவாள்.

கோபித்துக்கொண்டு இறங்கினாளே, அதனால் இருக்கிறாள். வேறு காரணம் இல்லை.

ரகு அண்ணன் இறங்கி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது, அதை மறுக்க மாட்டேன். பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை: "கண்ணாடிதானே. இன்சூரன்ஸ்ல கல்லு பட்டுச்சுன்னு எழுதிடு. டோ பால்னு சொல்லாதே. என் பேரு வரக் கூடாது, ஆமா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிண்ணே" என்றேன். சிரிக்கக்கூடச் செய்தேன்.

கொஞ்ச தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த வயதான தம்பதி மண்வெட்டியோடு வந்தார்கள். ரகு அண்ணன் வண்டியின் டயர்களில் காற்றை இறக்கி, அடியில் தோண்டி, என் பலகைகளை வைத்தார்கள். கால் மணி நேரத்தில் வண்டி தானே ஏறி வெளியே வந்தது. இழுக்கவே தேவை இருந்திருக்கவில்லை.

4

அந்தச் "சரிண்ணே" எனக்குப் புதிதல்ல. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஓசூர் கம்பெனியில் நூறு டன் பிரஸ் ஒன்று இருந்தது. மேலிருந்து இறங்கித் தகட்டை வளைக்கும். அதை இயக்க இரண்டு பட்டன். இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் இறங்கும். கை இரண்டும் வெளியே இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அந்த மாதம் ஆர்டர் அதிகம். ப்ரொடக்ஷன் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு கையும் பட்டன்லயே இருந்தா ஷீட்டை யாரு வைப்பா? ஒரு பட்டனை அமுக்கி டேப் போட்டு விடு. மாசக் கடைசி வரைக்கும்தான்."

"சார், ஆடிட்..."

"ஆடிட் வந்தா எடுத்துடு."

"சரி சார்."

வலது பட்டனை அமுக்கி, கறுப்பு டேப்பை நான்கு சுற்று சுற்றினேன். அதற்குப் பிறகு இடது பட்டனைத் தொட்டால் போதும், பிரஸ் இறங்கும். அந்த மெஷினில் மல்லேஷ் என்ற கான்ட்ராக்ட் தொழிலாளி இருந்தான். ஜவளகிரிப் பக்கம், வீட்டில் கன்னடம் பேசுகிறவன். என்னை விட இரண்டு வயது சின்னவன். யானை இறங்கிவிட்டது என்று சானமாவு காட்டுப் பக்கம் பஸ் நின்றுபோன நாட்களில்கூட நடந்தும் லாரி பிடித்தும் ஷிப்டுக்கு வந்து சேருவான். டேப்பைப் பார்த்ததும், "அண்ணா, இது ஆகாதுண்ணா. கை உள்ள இருக்கும்போது பட்டன்ல பட்டுச்சுன்னா?" என்று என்னிடம்தான் கேட்டான்.

"பார்த்து ஓட்டு" என்றேன்.

ஒன்பதாவது நாள், அவன் வலது கையால் தகட்டைச் சரிசெய்துகொண்டிருந்தபோது இடது முழங்கை பட்டனில் பட்டது. மூன்று விரல்கள் போயின. கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின.

அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய ஆட்டோ கேட்டைத் தாண்டும் முன்பே மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு போய் டேப்பை அறுத்தேன். மெஷினில் இன்னும் ரத்தம் இருந்தது. மறுநாள் ஒரு தாள் வந்தது. தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்தது, பாதுகாப்பு ஏற்பாடுகள் சரியாக இருந்தன என்று அதில் இருந்தது. மெயின்டெனன்ஸ் சார்பில் கையெழுத்து என் பெயருக்கு நேராக. போட்டேன். மல்லேஷுக்கு வேலை போனது.

அடுத்த வருடம் ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்தபோது கம்பெனியிலிருந்து அனுபவக் கடிதம் தேவைப்பட்டது. பொறுப்பானவர், பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிப்பவர் என்று அந்த மேனேஜரே எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தைக் கொண்டுதான் நாங்கள் மூன்று பேரும் இங்கே இருக்கிறோம்.

5

இன்சூரன்ஸ் படிவம் கம்ப்யூட்டரில் நிரப்புவது. பதினோரு பக்கம். வண்டி எங்கே நின்றது, சாலையா சாலை இல்லாத இடமா, கடற்கரை அனுமதி இருந்ததா, எதிர்த் தரப்பு யார் என்று ஒவ்வொரு பெட்டியாகக் கேட்டது. கடைசியில் ஒரு பெரிய பெட்டி: நடந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள். கல் பட்டது என்று எழுத ஒரு வரி போதும். விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

யாழினி தண்ணீர் குடிக்க வந்தவள் பின்னால் நின்று பார்த்தாள். மூன்று நாளாக அவள் என்னோடு பேசவில்லை.

"என்ன எழுதப் போறீங்க?"

"கல்லுன்னு எழுதச் சொன்னார் அண்ணன்."

"நீங்க எப்பவுமே இப்படியாப்பா? ஊர்லயும்?"

அவளுக்கு ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது. வாய்க்கு வந்ததைக் கேட்டாள். நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சீட்டின் கிழிசல் கண்ணிலேயே நின்றது. மல்லேஷின் கதையைச் சொன்னேன். டேப், பிளேடு, கையெழுத்து எல்லாம். அவளுடைய தமிழுக்குப் புரியாத இடங்களில் இங்கிலீஷில் சொன்னேன். இங்கிலீஷில் சொன்னபோது இன்னும் கேவலமாக இருந்தது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சாக்கடைப் பக்கம் போகிறவர்கள் முகத்தைச் சுருக்குவார்களே, அப்படி என்னைப் பார்த்தாள். என் பிள்ளை அப்படிப் பார்த்தாள். அது நியாயம்தான் என்று எனக்குப் பட்டது.

"அந்த அங்கிள் இப்போ எங்க இருக்காரு?"

"தெரியாது."

"தேடினீங்களா?"

"இல்லை."

அவள் தன் அறைக்குப் போனாள். நான் டோ பால் என்று எழுதினேன், மாட்டியவன் நான் என்று எழுதினேன், சொன்னவர் பெயரையும் எழுதினேன். இரண்டு நாளில் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ரகு அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். சாயங்காலம் போன் வந்தது.

"பன்னெண்டு வருஷம் முன்னாடி என் வீட்டுப் பின்ரூம்ல படுத்தவன் நீ. நன்றி இல்லாத நாயி."

"படுத்தேண்ணே. அதுக்காக என் பிள்ளையோட தலையைக் கொடுக்க முடியாது."

வைத்துவிட்டார். நம்மவர்கள் வாட்ஸ்அப் குழுவில் இருந்து என்னை நீக்கிவிட்டார்கள். அந்தக் குழுவுக்காக நான் எவ்வளவு பல்லை இளித்திருக்கிறேன் என்று நினைத்தால்தான் அசிங்கமாக இருக்கிறது.

6

பழைய கூட்டாளி ஒருவன் மூலம் மல்லேஷின் எண் கிடைத்தது. தளி பக்கம் ரோஜா வளர்க்கிற ஒரு பசுமைக் குடிலில், பூவைத் தரம் பிரிக்கிற இடத்தில் மேஸ்திரியாக இருக்கிறானாம். கூப்பிட்டேன். என் பெயரைச் சொன்னேன். பின்னால் கன்னடத்திலும் தெலுங்கிலும் பெண்கள் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"சொல்லுங்கண்ணா" என்றான்.

மணல், வண்டி, இரும்புக் குண்டு எல்லாம் சொன்னேன். பிறகு, "அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டது நான்தான் மல்லேஷ்" என்றேன்.

"தெரியும். ஆஸ்பத்திரில காட்டினாங்க. உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா? லாக் புக்ல தினம் பார்த்ததுதானே."

"மன்னிச்சிடு."

"ஆய்த்து பிடிண்ணா" என்றான். ஆனது ஆச்சு, விடுங்கள் என்று அர்த்தம். உடனே குரல் மாறியது. "இல்லண்ணா, விடாதீங்க. மன்னிப்பு எனக்கு வேணாம். அதை வச்சுக்கினு நான் என்ன பண்றது? எழுதிக் குடுங்க. டேப் நீங்க போட்டதுன்னு, நான் வேணாம்னு சொன்னேன்னு. தமிழ்ல எழுதுங்க. என் வீட்டுக்காரி ஓமலூர்ப் பொண்ணு, தமிழ்தான் படிப்பா. நான் எவ்ளோ சொல்லியும் அவ நம்பலை. கம்பெனில எழுதிக் குடுத்த தாளைத்தான் நம்பினா."

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். ஒன்றரைப் பக்கம். இந்தக் கம்பெனியில் இந்தப் பதவியில் இருந்தேன், பிரஸ்ஸின் வலது பட்டனில் டேப் சுற்றியவன் நான், மல்லேஷ் ஆபத்து என்று சொன்னதை நான் கேட்கவில்லை, விபத்துக்குப் பிறகு டேப்பை அறுத்தவனும் நான், நான் கையெழுத்துப் போட்ட அறிக்கை பொய். கீழே முழுப் பெயரும் முகவரியும் போட்டேன். இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம் என்றும் எழுதினேன். யாழினி அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், முழுசாகப் படித்துவிட்டுத்தான் அனுப்பினாள். 

மறுநாள் மதியம் ஆலையில் இடைவேளையின்போது மல்லேஷின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். ஒரு பெண் குரல்.

"நான் மல்லேஷ் வீட்டுக்காரி பேசறேங்க. நீங்க எழுதினது நிஜமுங்களா?"

"நிஜம்மா. எல்லாமே."

"அவரு வேணாம்னு சொன்னாருங்களா? முன்னாடியே?"

"சொன்னாரும்மா. என்கிட்டத்தான் சொன்னாரு."



"பதிமூணு வருஷமாங்க. சோத்துல கை வைக்கும்போதெல்லாம் அந்தக் கையைப் பார்த்து நான் அவரைத் திட்டியிருக்கேன். பராக்குப் பார்த்துக் கையைக் கொடுத்துட்டு வந்தவன்னு. எம் பசங்க முன்னாடி. எங்கம்மா வீட்டு ஆளுங்க முன்னாடி. அவரும் தலையைக் குனிஞ்சுக்கினு சாப்பிடுவாரு. அதுக்கு நீங்க என்ன எழுதிக் கொடுப்பீங்க?"

  அவர் போனை வைத்துவிட்டார்.